எடைக்குத் தகுந்த சக்கரம்

ஏப்ரல் 7, ஞாயிறு

புது நோட்டு. முதல் பக்கம் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்தாறு. கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் தராசுக் கடை வைத்திருக்கிறேன். விற்பனை, பழுதுபார்த்தல், வருஷத்துக்கு ஒருமுறை எடை சரியென்று அரசு முத்திரை வாங்கித் தருதல். எடை எழுபத்திரண்டு கிலோ. பொழுதுபோக்கு சைக்கிள் ஓட்டுவது. இன்றைய பொழுது மத்தியானத்தோடு போய்விட்டது.

காலை ஆறு மணிக்கு சுந்தராபுரத்திலிருந்து முப்பத்தொரு பேர் கிளம்பினோம். பழனிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு டீக்கடைவரை போய்த் திரும்ப வேண்டும். போகவர இருநூறு கிலோமீட்டர். இரவு ஏழரைக்குள், அதாவது பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியிலும் முடிவிலுமாக நாலு இடத்தில் ஒரு அட்டையில் முத்திரை குத்துவார்கள். சைக்கிள்காரர்கள் இதைச் சுருக்கமாக 'இருநூறு' என்பார்கள், ஏதோ வீட்டு மாடு பேர் மாதிரி.

நான் நூற்றுப் பன்னிரண்டு வரை வந்தேன். மடத்துக்குளம் பக்கம் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். போக்ஸ் கம்பி ஒன்று போய்விட்டது. பத்து நிமிடத்தில் இன்னொன்று. பிறகு சக்கரம் கோட்டமாகி, பிரேக்கில் உரசி, சுற்றவே மாட்டேன் என்றது. உடுமலைவரை கோழித்தீவன வண்டி. அங்கிருந்து என் வீட்டுக்காரர் கார்.

"சைக்கிள்ல போனவளைக் கார்ல கூட்டீட்டு வர்றதுக்கு, மொதல்லயே கார்ல போயிருக்கலாமல்ல கோகிலா?" என்றார் ஜெகதீசன். நூல் மில்லில் மேற்பார்வையாளர். அறுந்ததை ஒட்டிப் பழகியவர், ஆறுதல் மட்டும் ஒட்டத் தெரியாது.

ஊரில் உள்ள தராசுகளுக்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக முத்திரை வாங்கித் தருகிறேன். எனக்கென்று ஒரு அட்டையில் நாலு முத்திரை வேண்டும் என்று தோன்றிவிட்டது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வேண்டும். காரில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுத அளவுக்கு வேண்டும்.

ஏப்ரல் 8, திங்கள்

எங்கள் குழுவின் பெயர் 'கணவாய்க் காற்று'. தலைவர் பல் டாக்டர் மனோரஞ்சன். பல்லைவிடச் சக்கரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் மறுத்துப் பேச முடியாது என்பது அவருக்கு ஒரு வசதி.

இன்று குழுவில் விதியை நினைவூட்டியிருக்கிறார். ஒரே வருஷத்தில் மூன்று முறை இருநூறை முடிக்காமல் விட்டவர்கள் இட்லி அணிக்கு மாற்றப்படுவார்கள். இட்லி அணி என்றால், ஞாயிற்றுக்கிழமை எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய் நெய்ப்பொடி இட்லி சாப்பிட்டு எட்டு கிலோமீட்டர் திரும்பி வருவது. அவர்களுக்கு மஞ்சள் பனியன். இப்போது பதினோரு பேர் இருக்கிறார்கள், ஒன்பது பேர் பெண்கள். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. எனக்கு இட்லிமேல் கோபம் கிடையாது. பனியன்மேல்தான்.

என் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்திருக்கிறது. இன்னும் இரண்டு பாக்கி.

ஏப்ரல் 12, வெள்ளி

ஐந்து நாளாகச் சக்கரம் படிக்கிறேன். நடுவில் அச்சைச் சுற்றி ஹப், ஹப்பிலிருந்து விளிம்புக்குப் போகும் கம்பிகள், விளிம்பில் ரிம். மூன்றே சமாசாரம். இதைப் பற்றி எழுத உலகத்தில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு இருக்கிறது. ஒருவர், நூறு கிராம் குறைந்த சக்கரம் போட்டதும் தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார். அடுத்த பத்தியில் முதுகுவலிக்குத் தைலம் விசாரிக்கிறார். இன்னொருவர் ஹப் போடும் டிக்டிக் சத்தத்தைக் கேட்டே அதன் தரத்தைச் சொல்லிவிடுவாராம். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வதுபோல.

எல்லாருடைய கட்டுரையிலும் கடைசியில் ஒரே வரி வருகிறது: ஓட்டுபவரின் எடைக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்கவும். அதை ஒருமுறை படித்தால் போதும், ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் டாக்டர் கடைக்கு வந்தார். கார்பன் சக்கரம் சொல்லியிருக்கிறாராம், அடுத்த வாரம் வந்துவிடுமாம்.

"மேடம், சக்கரத்துல நூறு கிராம் கொறைஞ்சா ஒடம்புல ஒரு கிலோ கொறைஞ்ச மாதிரிங்க."

"அப்ப ஒடம்புல ஒரு கிலோ கொறைச்சாலே போதுமல்லங்க டாக்டர்?"

"அது கஷ்டமுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "ஆனா நீங்க கொஞ்சம் கொறைச்சீங்கன்னா எந்தச் சக்கரமும் தாங்குமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் போனதும் கடையில் உள்ள பதினான்கு தராசுகளையும் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்தவைதான். நான் அவற்றில் ஏறுவதில்லை. தொழில் கருவியில் விளையாடக் கூடாது.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஒரு வெங்காய மண்டிக்காரர் தராசைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் நம்ம பக்கமாச் சாய்ச்சுக் குடுங்க அம்மிணி. நூத்துக்கு ரெண்டு கிலோ போதும்" என்றார்.

தராசைத் தூக்கிக் கடைக்கு வெளியே வைத்தேன். "இருவத்திரண்டு வருசமா இங்க அந்த வேலை நடக்கலீங்க. எடுத்துட்டுப் போங்க" என்றேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இரவு ஜெகதீசனிடம் சொன்னபோது, "உன்னையாட்டம் நேர்மையா இருந்தாப் பொழைக்க முடியாது" என்றார். அவர் பாராட்டுவதே இப்படித்தான்.

ஏப்ரல் 19, வெள்ளி

உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இப்ராஹிம்ஷாவிடமிருந்து போன். குழுவில் எல்லாருக்கும் கையால் சக்கரம் கட்டிக் கொடுப்பவர் அவர்தான். தராசில் எண்கள் துடிக்கின்றன, வந்து பாருங்கள் என்றார். என் கடையில் வாங்கிய தராசு.

அவர் முறை ரொம்பக் கறார். சக்கரம் கேட்டு வருபவரை முதலில் தராசில் நிறுத்துவார். வரும் எண்ணைப் பார்த்துத்தான் எத்தனை கம்பி, எவ்வளவு தடிமன், எந்த ஹப் என்று முடிவு செய்வார். "ஆம்பளைங்க வாயில சொல்ற எடையில எப்பவும் அஞ்சு கிலோ காணாமப் போயிருமுங்க. அதான் தராசு வாங்கினேன்" என்றார். "உங்களுக்கும் நல்லதாக் கட்டிரலாமுங்க மேடம். அடுத்த வாரம் வாங்க, பார்த்துக்கலாம்."

தராசைத் திறந்து ஒயரைச் சரிசெய்தேன். வெறும் தட்டில் பூஜ்யம் வைத்தேன். அடுத்து இருபது கிலோ எடைக்கல்லை வைத்து, இதுதான் இருபது என்று தராசுக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்குள் டாக்டர் தன் புதுக் கார்பன் சக்கரங்களோடு வந்துவிட்டார். தட்டின்மேல் துணியை விரித்து, இரண்டையும் படுக்கவைத்தார். "ஆயிரத்து நானூறு கிராம், பாருங்க மேடம், ஜோடியே அவ்வளவுதான்" என்றார். குழந்தையைப் போலியோ சொட்டு மருந்துக்குக் கொண்டுவந்தவர் மாதிரி ஒரு முகம். அவற்றை யாரும் தொடுவது அவருக்குப் பிடிக்காது. நானும் தொடவில்லை. பக்கத்தில் கிடைத்த இடத்தில் கல்லை வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

நூறு முறை செய்த வேலை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஏப்ரல் 20, சனி

சரியாகத் தூக்கமில்லை. வெயில்.

ஏப்ரல் 27, சனி

இப்ராஹிம்ஷா கடைக்குச் சக்கரம் சொல்லப் போனேன். லேசான உடுப்பு, வயிற்றில் ஒன்றுமில்லை, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிவிட்டேன். தராசுப் பக்கம் நானே நடந்தேன்.

"அய்யோ மேடம், நீங்க உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார். "லேடீஸை அதுல ஏத்தறதில்லீங்க. மரியாதையா இருக்காது."

"அப்ப எப்படிங்க பாய் கணக்கு?"

"ஒரு அறுபத்தஞ்சு, எழுபதுன்னு போட்டுக்கறனுங்க." அட்டையில் எழுபது என்று எழுதினார். கடைக்கண்ணால்கூட என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை.

நான் டீ குடித்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு நிம்மதி. எவ்வளவு பண்பான மனிதர்!

இருபத்தெட்டு கம்பி, மெல்லியது. சீல் செய்த பேரிங் போட்ட சிறிய ஹப். மழைத்தண்ணீர் உள்ளே போகாதாம்.

மே 11, சனி

சக்கரம் வந்துவிட்டது. விரலால் தட்டிவிட்டால் சமையல் முடியும்வரை சுற்றுகிறது. ரசம் தாளித்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மே 26, ஞாயிறு

நம் குழுவின் திருமூர்த்தி பொங்கலூர் பக்கத்தில் விழுந்துவிட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஆள் நல்ல வாட்டசாட்டம். பின்சக்கரத்தில் நாலு கம்பி ஒன்றாகப் போயிருக்கிறது. மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கை பூராவும் சிராய்ப்பு. தேங்காய் டெம்போவில் கொண்டுவந்தார்கள். மே மாத ஆரம்பத்தில் இப்ராஹிம்ஷா கட்டிக்கொடுத்த சக்கரம்.

குழுவில் ரோட்டைத் திட்டுகிறார்கள். பள்ளமாம். இருக்கும். நம் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்?

மே 28, செவ்வாய்

திருமூர்த்தியைப் பார்க்கப் போனேன். அவரோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆரஞ்சு வாங்கிப்போனேன், கூடவே திராட்சை, ஆப்பிள், மாதுளை.

"எதுக்குங்க இத்தனை?" என்றார் அவர் மனைவி.

"சும்மாதானுங்க" என்றேன்.

கையைத் தொட்டிலில் போட்டதுபோலத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "இப்ராஹிம் பாய் எடை பார்த்துத்தாங்க கட்டினாரு. தொண்ணூத்தெட்டு. அப்புறமும் இப்படி ஆனா யார என்னங்க சொல்றது? நம்ம நேரம்" என்றார்.

சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

இரண்டாவது இருநூறு. நூற்று நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டரில், கோமங்கலம் தாண்டி, டிங். பிறகு டிங், டிங். மூன்று.

சாலையோரம் இளநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அந்தப் பக்கமாகப் போனவர், நிற்காமல் கையை மட்டும் தூக்கினார். "பரவால்லீங்க மேடம், இட்லியும் நல்லதுதான்!" காற்றில் பாதி கேட்டது, அந்தப் பாதியே போதும்.

ஜெகதீசன் இந்த முறை ஒன்றும் சொல்லாமல் காரில் ஏற்றினார். அது இன்னும் மோசம்.

ஜூன் 3, திங்கள்

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

ஜூன் 8, சனி

சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இப்ராஹிம்ஷாவிடம் போனேன். கடையில் டாக்டரும் இருந்தார், தொங்குகிற கையோடு திருமூர்த்தியும் இருந்தார். ஒருவருக்கு வாய் வேலை, ஒருவருக்கு வேலையில்லை.

இப்ராஹிம்ஷா முறிந்த கம்பிகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். எல்லாம் ஹப்பை ஒட்டிய வளைவில்தான் போயிருந்தன. "பள்ளத்துல விழுந்து போனதில்லீங்க இது. பாரம் தாங்காமப் போனா இங்கதான் போகும்" என்றார். பிறகு ரொம்பச் சங்கடத்தோடு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேடம், கோச்சுக்காதீங்க. எடை பாத்தே ஆகோணும். எங்க வீட்ல ஷமீமை வரச் சொல்றேன். அவங்க பாத்து எனக்குச் சீட்டுல எழுதிக் குடுத்துருவாங்க. நாங்க வெளிய போயிர்றோமுங்க."

ஷமீம் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூன்று ஆண்களும் வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சாவு வீட்டு வாசலில் நிற்பதுபோல. ஒரு பெண் தராசில் ஏறுவதற்கு இவ்வளவு ஏற்பாடு.

ஏறினேன். எண்பத்தைந்து.

"எம்பத்தஞ்சுதாங்க. ஒசரத்துக்கு நல்ல எடைதாங்க" என்றார் ஷமீம், தங்கமானவர். சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

எண்பத்தைந்து என்றால் முப்பத்திரண்டு கம்பி கட்டுவார். சுவரில் அவர் ஒட்டிவைத்திருக்கும் பட்டியலில் இருக்கிறது. தொண்ணூறுக்கு மேல் என்றால் முப்பத்தாறு, தடித்த கம்பி, அகலமான ஹப். முப்பத்திரண்டிலும் ஒருவேளை தாங்கும். ஒருவேளை நூற்று எழுபதாவது கிலோமீட்டரில் டிங் என்னும். அப்புறம் மஞ்சள் பனியன். சீட்டைப் பார்த்தேன். வெளியே திருமூர்த்தியின் முதுகைப் பார்த்தேன். கழுத்தில் அந்தத் துணி முடிச்சு தெரிந்தது.

"அது தப்புங்க" என்றேன். "நான் தொண்ணூத்தி ஒண்ணு."

"தராசு எம்பத்தஞ்சுன்னு காட்டுதுங்களே?"

"தராசு பொய் சொல்லுது. நூத்துக்கு ஏழு கிலோ கொறைச்சுக் காட்டுது. நாந்தான் அப்படி வெச்சேன்."

இருபத்திரண்டு வருஷமாகச் சந்தைக்காரர்களோடு பேசிய தொண்டை. வெளியே மூன்று முதுகுகளும் திரும்பின.

எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை வைத்தபோது டாக்டரின் சக்கரங்கள் தட்டில் கிடந்ததைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் அழுத்தினேன், இருபத்தொன்றரைக் கிலோவை இருபது என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என்னை ஏற்றுவார்கள் என்று பயந்தேன் என்றெல்லாம்.

முதலில் டாக்டர்தான் பேசினார். "இது எத்தனை பெரிய தப்பு தெரியுமுங்களா? ஒரு உசுரு போயிருக்கும். இதைக் குழுவுல போடாம விடமாட்டேன்."

இப்ராஹிம்ஷா சத்தம் போடவில்லை. "வாயில பொய் சொல்லலாமுங்க மேடம், நாங்க கூட்டிக் கழிச்சுக்குவோம். தராசே பொய் சொன்னா நாங்க எங்கீங்க போறது?" என்றார். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

திருமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் தொண்ணூத்தெட்டு இல்லீங்களா?"

"இல்லீங்க. நூத்தியஞ்சு வருமுங்க."

"நூத்தியஞ்சா!" ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நூத்தியஞ்சு! நூத்தியஞ்சுங்க!" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். கை சுளுக்கியதற்கு அவர் இவ்வளவு வருந்தவில்லை.

என் கடைக்கு ஓடிப்போய் எடைக்கல்லை எடுத்துவந்து, தட்டைக் காலியாக்கி, எல்லார் கண் முன்னாலும் தராசைச் சரிசெய்தேன். திருமூர்த்தியின் சக்கரம் என் செலவில் என்று சொன்னேன். பிறகு இப்ராஹிம்ஷா, ஏப்ரலுக்குப் பின் தராசில் ஏற்றிச் சக்கரம் கட்டிக்கொடுத்த எல்லாரையும் வரவழைத்தார். ஒவ்வொருவராக ஏற்றினோம். நான் எண்ணைப் படிக்க, ஷமீம் எழுதினார். டாக்டர் கடைசியாக ஏறினார். தன்னை எழுபத்தெட்டு என்று நம்பிக்கொண்டிருந்தவர். எண்பத்து மூன்று புள்ளி நான்கு.

தராசிலிருந்து இறங்கியவர் என் காதருகே வந்து, "குழுவுல போட வேண்டாமுங்க மேடம். நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் பக்கத்தில் எழுபத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும், பார்க்கும்போதெல்லாம் உறைக்கட்டும். எழுபத்திரண்டு கிலோ எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரியவன் யூகேஜி படித்தபோது.

தராசில் ஏறுவதில்லை என்று எழுதியதும் பொய்தான். தினமும் ஷட்டரைத் தூக்கியதும், விளக்கு போடுவதற்கு முன்னால், முந்நூறு கிலோத் தராசில் ஏறுவேன். பத்து வருஷமாக ஏறுகிறேன். வெங்காய மண்டிக்காரர் நூற்றுக்கு இரண்டுதான் கேட்டார்.

ஜூன் 22, சனி

சக்கரம் தயார். முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் முப்பத்தாறு கம்பி. அலுமினிய ரிம். ஹப் தடியாக, அழகில்லாமல், சத்தமில்லாமல் இருக்கிறது. இப்ராஹிம்ஷா முன்போலப் பேசுவதில்லை. ஆனால் அட்டையில் தொண்ணூற்றொன்று என்று பெரிதாக எழுதி, என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்.

டாக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், ரெண்டு பக்கமும் பால் கேன் கட்டலாமுங்க" என்றார்.

"கட்டலாமுங்க. உங்களையும் கட்டலாம், எம்பத்தி மூணு தானே" என்றேன். சக்கரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஜூலை 13, சனி

சந்தையில் முத்திரை முகாம். நாற்பது தராசு. கால் கடுக்கிறது. ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது, கடை பெயர்ப்பலகை இரவெல்லாம் அடித்துக்கொள்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

மூன்றாவது இருநூறு. போகும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே போனது. எல்லாரும் தங்கள் பயிற்சியால்தான் இந்த வேகம் என்று நினைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில். பயிற்சி எங்கே போனதென்று தெரியவில்லை.

உடுமலையில் மணி மூன்று பத்து. பொள்ளாச்சிவரை முப்பது கிலோமீட்டர், நேர் எதிர்காற்று. நான் தலையைக் குனிந்து மிதித்தேன். காற்றாலைகள் எங்களுக்காகவே சுற்றுவதுபோல் சுற்றின. கொஞ்சதூரம் போனபின் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஐந்து ஆண்கள், ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு. முதல் பெட்டி டாக்டர். அகலமான முதுகு, காற்று படாது. ஒருவர் நிம்மதியாக வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

மணியையும் மீட்டரையும் பார்த்தேன். பதினோரு கிலோமீட்டர் வேகம். இப்படியே போனால் பொள்ளாச்சிக்கே ஆறு மணி ஆகிவிடும், ஏழரைக்கு நான் கிணத்துக்கடவில் நிற்பேன், மஞ்சள் பனியனுக்கு அளவு கொடுத்துக்கொண்டு. சைக்கிள்காரர்களின் வழக்கம், எதிர்காற்றில் முறைவைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போவது. கேட்டேன்.

"டாக்டர், கொஞ்சம் முன்னால வாங்க."

"முழங்கால் ஒரு மாதிரியா இருக்குதுங்க மேடம். நீங்க நல்லாப் போறீங்க, போங்க."

மற்றவர்களைக் கேட்டேன். ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குச் செருமல், ஒருவருக்குக் காது கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் காற்றே கொஞ்சம் பயந்திருக்கும். எல்லாருடைய எடையையும் படித்தவள் நான்தானே!

இடப்பக்கம் இளநீர்க் கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு கத்தினேன்.

"டாக்டர் மனோரஞ்சன்! எம்பத்தி மூணு புள்ளி..."

"வர்றேன், வர்றேன், வந்துட்டேன்!"

இத்தனை நாளாக அவரைப் பார்க்கிறேன், அந்த வேகத்தில் பார்த்ததில்லை. முழங்காலும் வந்தது, அவரும் வந்தார். அவருக்குப் பின் இடுப்பு வந்தது, செருமல் வந்தது. காது கேட்காதவர், நான் அவர் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னதுமே வந்துவிட்டார். வாழைப்பழம் சாப்பிட்டவர் திருமூர்த்தி. அவர் மட்டும் மிரட்டாமலே வந்தார். "என்ற எடையத்தான் அன்னைக்கே ஊருக்கு முன்னாடி நானே சொல்லிட்டனுங்களே. எனக்கென்னங்க இனி" என்று சிரித்துக்கொண்டே நாலு கிலோமீட்டர் இழுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் போனபோதுதான் புரிந்தது, அது எவ்வளவு சுகமான இடம் என்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். காற்றில் கேட்டதா என்று தெரியவில்லை. பொள்ளாச்சியில் மறுபடி கேட்டேன். "முன்னால போங்க, உங்க முறை" என்றார்.

பொள்ளாச்சி ஐந்து இருபது. அங்கிருந்து காற்று பக்கவாட்டில். கடைசி இருபது கிலோமீட்டரில் கால் என்னுடையதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் காது பின்சக்கரத்தில் இருந்தது. டிங் வரவில்லை.

சுந்தராபுரம் ஏழு இருபத்து நாலு. கடைசி நூறு மீட்டரில் ஐந்து ஆண்களும் என்னைத் தாண்டி விரைந்துபோய் முதலில் முத்திரை வாங்கிக்கொண்டார்கள். வாங்கட்டும். மேஜையில் இருந்த பெண் என் அட்டையில் குத்தினாள். மை கொஞ்சம் இழுவிவிட்டது. எங்கள் தொழிலில் இப்படி விழுந்தால் மறுபடி குத்தச் சொல்வேன். இதை மறுபடி குத்த விடவில்லை. அங்கேயே, அத்தனை பேர் நடுவில், சத்தமாக அழுதேன்.

டாக்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "மேடம், அடுத்த மாசம் முந்நூறு கிலோமீட்டர். வர்றீங்களல்ல?"

"வர்றேன். ஆனா ஆளுக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால."

"சரிங்க," என்றார். "எத்தனை வேணும்னாலும் சரிங்க. நம்பரை மட்டும் சொல்லாதீங்க."

ஜூலை 22, திங்கள்

உடம்பெல்லாம் வலி. ஷட்டரைத் தூக்க இரண்டு கை போதவில்லை, பக்கத்து நகைப் பெட்டிக் கடைக்காரர் கைகொடுத்தார். முதலில் எல்லா விளக்குகளையும் போட்டேன். பிறகு தராசில் ஏறினேன்.

தொண்ணூற்றிரண்டு.

பதிமூன்று மணி நேரம் மிதித்ததற்கு ஒரு கிலோ கூடியிருக்கிறது. இறங்கினேன். தட்டைத் துடைத்தேன். இருபது கிலோக் கல்லை வைத்துச் சரிபார்த்தேன்.

தராசு சரியாகத்தான் இருக்கிறது.